பையர் பாரீஸ்ல இருந்தாலும், பணம் ஒரே பக்கம்தான் ஓடணும்



வெளிநாட்டுக்குப் பொருள் விற்கிறதுல பாண்டிக்காரங்களுக்கு ஒரு இயல்பான வசதி இருக்கு. வில்லியனூர் சுடுமண் வேலைப்பாடும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மையும் புவிசார் குறியீடு வாங்கினவை. கையால் செய்த காகிதம், ஊதுபத்தி, பீங்கான் கப் எல்லாம் டூரிஸ்ட்டுகள் தேடி வந்து வாங்குற சரக்கு. பிரான்ஸ்ல சொந்தக்காரங்க இருக்கிற வீடுகளும் நம்ம ஊர்ல நிறைய. அதனால பகல்ல ஆபீஸ், ராத்திரி இன்ஸ்டாகிராம் கடைன்னு ஒரு சைடு இன்கம் ஆரம்பிக்கிறது ரொம்ப சுலபம். தாத்தா காலத்து ரோஸ்வுட் நாற்காலியையோ, பிரெஞ்சுக்காரங்க காலத்து நாணயத்தையோ போட்டோ எடுத்துப் போட்டுப் பார்க்கிறவங்களும் உண்டு.

போட்ட கொஞ்ச நேரத்துல ஒரு மெசேஜ் வரும். "போன்ஜூர்! பொருள் இன்னும் இருக்கா? விலை ஓகே. ஷிப்பிங்கை என் ஏஜென்ட் பார்த்துப்பார்." பேரம் கிடையாது. அளவு, எடை, கீறல் எதையும் கேட்க மாட்டார். ஆனா பணம் எப்படி அனுப்பணும்ங்கிறதுல மட்டும் அவருக்கு அவ்வளவு அக்கறை இருக்கும்.

இந்த இடத்துல எல்லாரும் தர்ற அட்வைஸ் ஒண்ணு இருக்கு: "ஆள் நம்பகமானவரான்னு பார்த்துக்கோங்க." எனக்கு இந்த அட்வைஸ்ல உடன்பாடு இல்லை. எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி இருக்கிற ஒருத்தர் நல்லவரா கெட்டவரான்னு வாட்ஸ்அப் டிபியையும் பாஸ்போர்ட் போட்டோவையும் வெச்சுக் கண்டுபிடிக்க போலீஸாலேயே முடியாது. நம்மால எப்படி முடியும்? மோசடிக்காரரோட முழுநேர வேலையே நம்பகமானவரா தெரியறதுதான். அந்தப் போட்டியில நாம ஜெயிக்கவே முடியாது.

அதனால ஆளை விட்டுடுங்க. பணம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு மட்டும் பாருங்க.

ஒரே ஒரு விதி

விற்பனைன்னா பொருள் உங்ககிட்ட இருந்து போகும், பணம் உங்ககிட்ட வரும். வாங்குறவர் எந்தக் காரணத்தைச் சொல்லியாவது உங்க பக்கத்துல இருந்து பணம் போகணும்னு சொன்னா, அந்த நிமிஷமே அது விற்பனை இல்லை. காரணம் எவ்வளவு நியாயமா தெரிஞ்சாலும் சரி, தொகை வெறும் ஒரு ரூபாயா இருந்தாலும் சரி.

"அப்போ பேமென்ட் கேட்வே கமிஷன் எடுக்கலையா? பேங்க் சார்ஜ் போடலையா?"ன்னு கேட்பீங்க. எடுப்பாங்க, போடுவாங்க. ஆனா அதுல ஒரு வித்தியாசம் இருக்கு, அதை மனசுல பதிச்சுக்கோங்க. உண்மையான கட்டணம் வர்ற பணத்துல கழிக்கப்படும். பொய்யான கட்டணம் முன்கூட்டியே கேட்கப்படும். 100 டாலர் வர வேண்டிய இடத்துல கேட்வே தன் கமிஷனை எடுத்துக்கிட்டு மீதியைத்தான் உங்க அக்கவுன்ட்ல போடும். "முதல்ல நீங்க 3,500 ரூபாய் கட்டுங்க, அப்புறம் 100 டாலர் வரும்"னு எந்த உண்மையான கேட்வேயும் சொல்லாது.

தபால் செலவு, பேக்கிங் செலவு நீங்க போடுறதுதான். அது நீங்களே தேர்ந்தெடுத்த தபால் ஆபீஸ்லயோ கூரியர்லயோ ரசீது வாங்கிக் கட்டுற பணம். அதையும் விலையிலேயே சேர்த்து முன்னாடியே வாங்கிடணும். வாங்குறவர் கைகாட்டுற ஏஜென்ட்டுக்குக் கட்டுற பணம் இந்தக் கணக்குல சேராது.

ஒரே திருட்டு, அஞ்சு வேஷம்

முதல் வேஷம், கியூஆர் கோடு. 2021 பிப்ரவரியில டெல்லியில பழைய சோஃபா ஒண்ணை ஆன்லைன்ல விற்கப் போனவங்க 34,000 ரூபாய் இழந்தது நாடு முழுக்கச் செய்தியாச்சு. வாங்குறவர் முதல்ல ஒரு சின்னத் தொகையை நிஜமாவே அனுப்பினார். அதுல நம்பிக்கை வந்துடுச்சு. அடுத்து ஒரு கோடு அனுப்பி ஸ்கேன் பண்ணச் சொன்னார், 20,000 போச்சு. "தப்பான கோடு வந்துடுச்சு, இதைப் பண்ணுங்க, திரும்ப வந்துடும்"னார். இன்னொரு 14,000 போச்சு. ரிசர்வ் வங்கி 2022ல வெளியிட்ட விழிப்புணர்வு கையேட்டுலயும் இந்த முறையை விளக்கியிருக்காங்க. ராணுவத்துல இருக்கேன்னு சொல்லிக்கிட்டு வர்ற போலி பையர்கள் அதுல உண்டு.

யூபிஐயில பணம் வாங்க ஸ்கேன் பண்ண வேண்டாம், பின் நம்பர் போட வேண்டாம். பின் போட்டா பணம் வெளியே போகுதுன்னு அர்த்தம். தனிநபர்கள் ஒருத்தரை ஒருத்தர் பணம் கேட்டு அனுப்புற கலெக்ட் ரிக்வெஸ்ட் வசதியை என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திட்டது நல்ல விஷயம். ஆனா கியூஆர் கோடு அப்படியேதான் இருக்கு.

பாண்டிக்காரங்களுக்கு இதுல கூடுதலா ஒரு குழப்பம். 2024 பிப்ரவரியில ஐஃபிள் டவர்ல யூபிஐ வந்துச்சுன்னு செய்தி படிச்சிருப்பீங்க. அது நம்ம ஆட்கள் அங்க போய் டிக்கெட் வாங்குறதுக்கு. பிரெஞ்சு பேங்க் அக்கவுன்ட்ல இருந்து உங்களுக்கு ஜிபே பண்றதுக்கு இல்லை. இந்திய வங்கிக் கணக்கு வெச்சிருக்கிற என்ஆர்ஐ சிலரால யூபிஐயில அனுப்ப முடியும். அப்பவும் பின் போட வேண்டியது அவர்தான், நீங்க இல்லை.

ரெண்டாவது வேஷம், பேபால் மெயில். "உங்களுக்கு 240 யூரோ வந்திருக்கு. பார்சல் டிராக்கிங் நம்பரைக் கொடுத்ததும் விடுவிக்கப்படும்"னு லோகோவோட மெயில் வரும். மெயில்ல இருக்கிற லிங்க்கைத் தொடாதீங்க. நீங்களே ஆப்பைத் திறந்து பாருங்க. அங்க இல்லைன்னா அது எங்கயும் இல்லை. இன்னொரு தகவலும் உதவும்: பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள்ள இருந்து இந்தியாவுக்குள்ள பணம் அனுப்புறதை நிறுத்திடுச்சு. இங்க இருக்கிற நாம வெளிநாட்டுப் பணத்தைத்தான் அதுல வாங்க முடியும். "நான் பிரெஞ்சுக்காரன், இப்போ சென்னையில இருக்கேன், என் இந்திய பேபால்ல இருந்து போடுறேன்"னு ஒருத்தர் சொன்னா, கதை அங்கேயே முடிஞ்சது.

மூணாவது வேஷம், ஸ்விஃப்ட் காப்பி. எம்டி103ன்னு தலைப்பு போட்ட ஒரு பிடிஎஃப் வரும். முத்திரை, நம்பர் எல்லாம் பக்காவா இருக்கும். கூடவே, "ஆர்பிஐ கிளியரன்ஸ் சார்ஜ் கட்டினா பணம் ரிலீஸ் ஆகும்"னு ஒரு போன். பிடிஎஃப் பணம் இல்லைங்க, அது ஒரு படம். ரிசர்வ் வங்கி உங்களை மாதிரி தனி ஆளுக்கு போன் பண்ணி கட்டணம் கேட்காது. பணம் நிஜமாவே கிளம்பியிருந்தா அதுக்கு யூஇடிஆர்னு 36 எழுத்துள்ள ஒரு அடையாளம் இருக்கும். அதை உங்க பேங்க் கிளையில கொடுத்து, எங்க இருக்குன்னு தேடச் சொல்லலாம். தேடுறது பேங்க்கோட வேலை, பையர் சொன்ன நம்பருக்கு போன் பண்றது உங்க வேலை இல்லை.

நாலாவது வேஷம், கூடுதல் பணம். 18,000 ரூபாய் பொருளுக்கு 48,000 அனுப்பிட்டதா சொல்வார். "மீதி 30,000ஐ என் ஷிப்பிங் ஏஜென்ட்டுக்குப் போட்டுடுங்க." வெளிநாட்டு செக்கா இருந்தா, அது வசூலாகி வர வாரக்கணக்குல ஆகும். அதுக்குள்ள நீங்க உங்க சொந்தக் காசை அனுப்பியிருப்பீங்க, செக் திரும்பி வந்திருக்கும்.

இதைவிட மோசமானது, பணம் நிஜமாவே வர்றது. அது வேற யாரோ ஏமாந்த பணமா இருக்கலாம். அதை வாங்கி மூணாவது ஆளுக்கு மாத்தி விட்டா, திருட்டுப் பணம் கைமாறின பாதையில உங்க அக்கவுன்ட்டும் ஒரு படி. பறிகொடுத்தவர் புகார் கொடுத்ததும் உங்க அக்கவுன்ட் முடக்கப்படலாம். அது உங்க சம்பளக் கணக்கா இருந்தா நினைச்சுப் பாருங்க: ஒண்ணாம் தேதி சம்பளம் வரும், அஞ்சாம் தேதி வாடகை கொடுக்க முடியாது, இஎம்ஐ பவுன்ஸ் ஆகும், சிபில் ஸ்கோர் இறங்கும். அதிகமா வந்த பணத்தை நீங்களா யாருக்கும் அனுப்பாதீங்க. "வந்த வழியிலேயே திருப்பிடுங்க"ன்னு பேங்குக்கு எழுத்துல கொடுங்க.

அஞ்சாவது வேஷம், பழைய நாணயம். ஒரு பழைய காசுக்கு லட்சக்கணக்குல விலைன்னு விளம்பரம் பார்த்திருப்பீங்க. விற்க வர்றவங்ககிட்ட பதிவுக் கட்டணம், வரி, கமிஷன்னு ஆர்பிஐ பேரைச் சொல்லியே வசூல் நடந்துச்சு. 2021 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டு, இந்த மாதிரி வியாபாரத்துல தனக்குச் சம்பந்தமே இல்லை, யார்கிட்டயும் கட்டணமோ கமிஷனோ கேட்கிறதும் இல்லைன்னு சொல்ல வேண்டி வந்துச்சு. பிரெஞ்சிந்தியா நாணயம் வீட்ல வெச்சிருக்கிறவங்க இன்னொண்ணும் தெரிஞ்சுக்கணும். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, நூறு வருஷம் தாண்டிய தொல்பொருளைத் தனிநபர் ஏற்றுமதி பண்ண முடியாது. நாணயமும் இதுல அடங்கும், கலைவேலைப்பாடுள்ள பொருட்களும் அடங்கும். நாற்காலி, அலமாரின்னு சந்தேகம் வந்தா இந்தியத் தொல்லியல் துறைகிட்ட "இது தொல்பொருள் இல்லை"ன்னு சான்றிதழ் வாங்குங்க. அப்புறமா விலை பேசுங்க.

அஞ்சு வேஷத்தையும் திரும்பப் பாருங்க. முதல்லயும் கடைசி மூணுலயும் பணம் உங்க பக்கத்துல இருந்து போகுது. ரெண்டாவதுல மட்டும் பணம் வர்றதுக்கு முன்னாடியே பொருள் போகுது. நாளைக்கு ஆறாவது வேஷம் ஒண்ணு வரும். இந்த ரெண்டுல ஏதோ ஒண்ணு அதுலயும் கண்டிப்பா இருக்கும்.

வந்த பணம் எல்லாம் நின்ன பணம் இல்லை

இது நேர்மையா பணம் வந்த பிறகு வர்ற சிக்கல். கார்டு மூலமா பணம் கட்டினவர், பொருள் கைக்கு வந்த பிறகும் தன் பேங்க்ல "இந்தச் செலவை நான் பண்ணலை"ன்னு சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இதுக்குப் பேரு சார்ஜ்பேக். பொதுவா 120 நாள் வரைக்கும் அவகாசம் உண்டு. பேபால்ல வாங்குறவர் 180 நாள் வரைக்கும் புகார் பண்ணலாம். அதாவது தீபாவளிக்கு வித்த பொருளுக்கான பணம் சித்திரை வரைக்கும் முழுசா உங்களோடது இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 15,000 ரூபாய்க்கு ஒரு பொருள் விற்கிறீங்க. அடக்கம் 9,000, தபால் 2,500, லாபம் 3,500. இதுல ஒரு பார்சல் சார்ஜ்பேக்ல போச்சுன்னா உங்க கைக்காசு நஷ்டம் 11,500. அடுத்த மூணு விற்பனையோட மொத்த லாபத்தைப் போட்டாலும் அது அடையாது. வெளிநாட்டு விற்பனையை வெறும் லாபக் கணக்கா மட்டும் பார்க்காதீங்கன்னு நான் சொல்றது இதனாலதான்.

என்ன பண்ணலாம்?

சின்னத் தொகைக்கு, விற்பவர் பாதுகாப்பு இருக்கிற தளம் வழியாவே விற்கலாம். பேபால்ல அந்தப் பாதுகாப்பு வேணும்னா, பரிவர்த்தனைப் பக்கத்துல இருக்கிற அதே முகவரிக்குத்தான் அனுப்பணும். டெலிவரி ஆன ஆதாரம் வேணும். 750 டாலர் தாண்டினா பெற்றவரோட கையெழுத்தும் வேணும். "அட்ரஸ் மாறிடுச்சு, என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்புங்க"ன்னு பையர் சாட்ல சொன்னதைக் கேட்டா பாதுகாப்பு போச்சு. பழைய ஆர்டரை ரத்து பண்ணிட்டு, புது முகவரியில திரும்ப ஆர்டர் போடச் சொல்லுங்க. பாதுகாப்பு இருந்தாலும் "சொன்ன மாதிரி பொருள் இல்லை"ங்கிற புகாருக்கு அது பொருந்தாது. அதனால கீறல், விரிசல் எல்லாத்தையும் முதல்லயே போட்டோவோட சொல்லிடுங்க. பேக் பண்றதையும் வீடியோ எடுத்து வெச்சுக்கோங்க.

பெரிய தொகைக்கு, பேங்க் வழியா முன்பணம் வாங்குங்க. உங்க அக்கவுன்ட்ல வரவான ஸ்விஃப்ட் பணத்தைத் திரும்ப இழுக்கிறது கார்டு பணத்தை இழுக்கிற அளவுக்குச் சுலபம் இல்லை. வரவு வெச்சாச்சுன்னு உங்க ஸ்டேட்மென்ட் சொன்ன பிறகுதான் பார்சலுக்கு டேப் ஒட்டணும்.

"இவ்வளவு கறாரா இருந்தா நல்ல வாடிக்கையாளரும் ஓடிடுவாரே?" நியாயமான கேள்விதான். ஆனா பிரான்ஸ்ல இருந்து நிஜமா வாங்குறவருக்கு, பணம் கட்டி, பொருள் வர்ற வரைக்கும் காத்திருக்கிறது தினசரி பழக்கம். தளம் வழியா கட்டச் சொன்னா கோபப்படுற பையர், உங்களுக்குத் தேவையே இல்லாத பையர்.

கணக்குல இருக்கிறவரைத் தொடறது கஷ்டம்

என் தொழில்ல இருந்து ஒரு விஷயம் சொல்றேன். மோசடிக்காரருக்கு ரொம்பப் பிடிச்ச விற்பனையாளர், எதையும் பதிவு பண்ணாம விற்கிறவர்தான். "சின்ன பிசினஸ்தானே, எதுக்கு ஐடிஆர்ல காட்டணும்"னு இருக்கிறவர், ஏமாந்த பிறகு புகார் கொடுக்கவும் தயங்குவார். "வருமானத்தைக் காட்டலையே, கேட்டா என்ன சொல்றது?" அந்தத் தயக்கம்தான் திருடனுக்குக் கிடைக்கிற அவகாசம்.

அதனால மூணு வேலையை முன்னாடியே முடிச்சிடுங்க. ஒண்ணு, விற்பனைக்குன்னு சம்பளக் கணக்கு இல்லாத தனி அக்கவுன்ட். ரெண்டு, தொடர்ந்து ஏற்றுமதி பண்றீங்கன்னா டிஜிஎஃப்டி தர்ற ஐஇசி எண். ஜிஎஸ்டி உங்களுக்குப் பொருந்துதான்னு ஒரு தடவை கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க. தபால் துறையே சின்ன ஏற்றுமதியாளர்களுக்காக டாக் கர் நிர்யாத் கேந்திரா நடத்துது. கூரியர் ஏஜென்ட் பின்னாடி அலையறதுக்கு முன்னாடி அதையும் விசாரிங்க. மூணு, வெளிநாட்டுப் பணம் வந்ததுக்கான எஃப்ஐஆர்ஏ சான்றை ஒவ்வொரு தடவையும் டவுன்லோட் பண்ணி வைக்கிறது. இந்த லாபம் வணிக வருமானம், ஐடிஆர்-1ல அடங்காது. கேட்வே தேர்ந்தெடுக்கும்போது, எல்லை தாண்டிய பணப் பரிமாற்றத்துக்கு ஆர்பிஐ விதிகளின்படி அனுமதி வாங்கின நிறுவனமான்னு ஆர்பிஐ தளத்துல பார்த்துக்கோங்க.

காசு போயிடுச்சுன்னா

முதல்ல 1930க்கு போன் பண்ணுங்க. உங்க பேங்குக்கும் உடனே சொல்லுங்க. அப்புறம் தேசிய சைபர் கிரைம் தளத்துல புகாரைப் பதிவு பண்ணுங்க. திருடின பணம் அடுத்தடுத்த அக்கவுன்ட்டுக்குப் போயிடுறதுக்குள்ள நிறுத்தணும். அதனால இங்க கணக்கு நாள்ல இல்லை, நிமிஷத்துல. சாட், போன் நம்பர், பரிவர்த்தனை எண் எதையும் அழிச்சிடாதீங்க. கம்ப்யூட்டர் வழியா ஆள்மாறாட்டம் பண்ணி ஏமாத்துறது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவுப்படி மூணு வருஷம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

பேங்க் ஈடு கட்டும்னு மட்டும் இருந்துடாதீங்க. ஆர்பிஐயோட 2017 ஜூலை சுற்றறிக்கை, உங்க தப்பும் பேங்க் தப்பும் இல்லாத மோசடியை மூணு வேலை நாளுக்குள்ள சொன்னா உங்களுக்கு நஷ்டப் பொறுப்பு இல்லைன்னு சொன்னது. ஆனா வாடிக்கையாளரோட அலட்சியத்தால போன பணத்துல, பேங்குக்குச் சொல்ற வரைக்கும் ஆன நஷ்டம் அவரோடதுதான்னும் அதே சுற்றறிக்கை சொன்னது. பின் நம்பரை நீங்களே போட்டிருந்தா பேங்க் கையில எடுக்கிறது இந்த வரியைத்தான்.

கொஞ்ச நாள் கழிச்சு, "உங்க பணத்தை மீட்டுத் தர்றோம், ஃபீஸ் மட்டும் கட்டுங்க"ன்னு ஒருத்தர் வருவார். திரும்பவும் அதே விதிதான்: பணம் உங்க பக்கத்துல இருந்து போகுதா? போனை வெச்சிடுங்க.

கடைசியா ஒண்ணு. யாராவது ஏமாந்தா "பேராசைப்பட்டான், போச்சு"ன்னு சொல்ற பழக்கத்தை விடணும். தன் பொருளுக்குத் தான் சொன்ன விலையைக் கேட்டு வாங்க நினைச்சதுல என்ன பேராசை இருக்கு? ஏளனத்துக்குப் பயந்து வீட்ல சொல்லாம, நண்பர்கிட்ட சொல்லாம ஒரு ராத்திரியை ஓட்டுறாங்க பாருங்க, அந்த ஒரு ராத்திரியிலதான் பணம் கைக்கு எட்டாத தூரம் போயிடுது. உங்க ஆபீஸ்ல பக்கத்து சீட்ல இருக்கிறவர் வந்து சொன்னா, "எப்படி ஏமாந்தீங்க?"ன்னு கேட்காதீங்க. "1930க்கு அடிச்சீங்களா?"ன்னு கேளுங்க.

அடுத்த "போன்ஜூர்" வரும்போது, இந்த ரெண்டு வரியை அனுப்பிட்டு உங்க வேலையைப் பாருங்க: "பணம் என் கணக்கில் வரவான பிறகே பார்சல் கிளம்பும். என் பக்கத்திலிருந்து எந்தக் கட்டணமும் யாருக்கும் செலுத்த மாட்டேன்." நிஜமான பையர் "சரி"ன்னு சொல்வார். மத்தவர் அடுத்த ஆளைத் தேடிப் போயிடுவார்.